ஷஜராவில் இடம்பெறாத முன்னோர்
முத்துக்கரை முஸ்லிம்களின் குடும்ப வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

தமிழகத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் வாழும் முஸ்லிம்களின் குடும்ப வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றனர். யமனிலிருந்தோ பக்தாதிலிருந்தோ மிஸ்ரிலிருந்தோ ஒரு பெரியவர் மரக்கலம் ஏறி வருகிறார். அவர் குதிரை வணிகராகவோ இறைநேசராகவோ இருப்பார். அவருக்குப் பின் 'இப்னு' என்ற சொல்லால் கோக்கப்பட்ட தந்தையர் பெயர்கள் இன்றுள்ள தலைமுறை வரை இறங்கி வரும். அரபுக் கல்லூரியில் பணிபுரிவதால் இத்தகைய ஷஜராக்களைப் படித்துப் பொருள் சொல்லும் வாய்ப்பு எனக்குப் பலமுறை கிட்டியிருக்கிறது. எழுத்து அழகாகவே இருக்கும்; இலக்கணம் சில இடங்களில் தடுமாறும். ஆனால் அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மீன் பிடித்தவர், சங்கு குளித்தவர், முத்துக்காக மூச்சடக்கியவர், தோணி கட்டிய தச்சர் என ஒருவரும் அவற்றில் வருவதில்லை. கடலால் வாழ்ந்த ஊர்களின் ஷஜராக்களைப் படிப்பவர், அவ்வூர்களில் எவருடைய உடலும் கடல்நீரில் நனைந்ததே இல்லை என்றுதான் எண்ணுவார்.

கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம், பாம்பன், தொண்டி ஆகிய ஊர்களை அறிந்தோருக்கு இது வியப்பாக இருக்கும். மீன்பிடித்தலும் சங்கு குளித்தலும் அங்குள்ள முஸ்லிம்கள் பலருக்கு நம் காலம் வரை தொழிலாக இருந்துவந்துள்ளன. அவர்களுக்கும் தந்தையரும் பாட்டனாரும் இருந்திருப்பர் அல்லவா? அவர்கள் எங்கே போயினர் என்பதே நம் வினா.

அரபு உறவு கற்பனை என்று நான் கூற வரவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் துறைமுகமான காயலில் அரபு, பாரசீக வணிகர் பெற்றிருந்த செல்வாக்குக்கு உறுதியான சான்றுகள் உள்ளன. கீஷ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப உடன்பட்டிருந்ததையும், அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் பாண்டியர் அவையில் உயர்ந்த பொறுப்பு வகித்ததையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். ஏறத்தாழ அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பை விரிவாக வருணிக்கிறார். வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து குளியாட்களைக் கூலிக்கு அமர்த்தினர்; கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கும், சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் போயின என்பது அவர் தரும் செய்தி. ஒரே கரையில் ஒரே பருவத்தில் இருவகை மனிதர் நிற்பதை இங்கே காண்கிறோம். ஒருவர் மூலதனம் இட்டவர். மற்றவர் மூச்சை இட்டவர். நம் ஷஜராக்கள் முதலாமவரை மட்டுமே முன்னோராக ஏற்றுக்கொண்டன.

சிறிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டிமார் நால்வர். அதற்கு முந்திய தலைமுறையில் எண்மர். இவ்வாறு பத்துத் தலைமுறை மேலே சென்றால் 1,024 இடங்கள் வரும். உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கத்தால் ஒருவரே பல இடங்களில் வரக்கூடும், எண்ணிக்கை குறையும், எனினும் நூற்றுக்கணக்கானவர் என்பதில் ஐயமில்லை. தந்தைவழியை மட்டும் தொடரும் ஷஜரா அவர்களுள் ஒரே ஒருவரைத்தான் அத்தலைமுறையில் காட்டுகிறது. கப்பலில் வந்த அரபியர் பெரும்பாலும் மனைவி மக்களை உடன் கொண்டுவரவில்லை. இக்கரையிலேயே மணம் புரிந்தனர் என்பதை அரபு வம்சம் பேசுவோரும் மறுப்பதில்லை. அப்படியானால் அந்த மணமகளின் தந்தை யார்? அவளுடைய சகோதரர்கள் என்ன தொழில் செய்தனர்? கடற்கரைச் சிற்றூரில் இவ்வினாவுக்கு விடை காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழ்கிறார். தந்தைவழிப் பெயர்கள் ஏட்டில் ஓடிக்கொண்டிருக்க, அடுப்பும் முற்றமும் பேச்சும் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்திருக்கின்றன. உறவுச் சொற்களையே கவனியுங்கள். 'உம்மா'வில் அரபு ஒலிக்கிறது. மாமி, மச்சான், கொழுந்தன், மருமகன் என்று திருமணத்தால் வரும் உறவுக்குள் நுழைந்தால் அத்தனையும் தமிழ். கடல் தொழிற் சொற்களிலும் இப்படியொரு பிரிவினை தென்படுகிறது. கப்பலைத் திருப்பும் 'சுக்கான்' அரபுச் சொல். 'மாலுமி' என்பது 'முஅல்லிம்' என்பதன் திரிபு. (ஆசிரியரையும் கப்பலுக்கு வழிகாட்டுபவரையும் அரபியர் ஒரே சொல்லால் அழைத்தனர் என்பது என்னைப் போன்ற முஅல்லிம்களுக்குச் சற்றுப் பெருமை தரும் செய்தி.) ஆனால் சிப்பி விளையும் 'பார்', அதில் நடக்கும் 'சிலாபம்', ஏறிச்செல்லும் 'தோணி', வீசும் 'கச்சான்', 'கொண்டல்', 'வாடை' ஆகியவை இந்த மண்ணின் சொற்கள். சொல்லாராய்ச்சியால் மட்டும் வம்சத்தை நிறுவ முடியாது. எனினும் தொலைகடல் வணிகம் அரபியில் பேசியது, கரைக்கடல் தொழில் தமிழில் பேசியது என்பது கருதத்தக்கது.

எழுத்துச் சான்றுகளிலும் இவ்விருவரும் சமமாக நடத்தப்படவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் கிழவன் சேதுபதிக்கு அணுக்கமாக இருந்த கீழக்கரைப் பெருவணிகர் பெரியதம்பி மரைக்காயரை டச்சு ஆவணங்கள் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. சீதக்காதி எனப் புலவர் போற்றிய வள்ளல் மரபோடு இணைந்தது அப்பெயர். அதே காலத்தில் அதே கடலில் மூழ்கியவர்கள் எவ்வாறு பதிவாயினர்? கற்களாக! குளியாள் விரைந்து அடியை அடையக் கயிற்றில் கட்டிய கல்லொன்றைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவார். 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் இக்கற்களை எண்ணியே வரி தண்டினர். கிறிஸ்தவர் கல் இத்தனை, முஸ்லிம் கல் இத்தனை, இந்துக் கல் இத்தனை எனக் கணக்கு எழுதப்பட்டது. முஸ்லிம் கல்லுக்கு வரி கூடுதல். நம் முன்னோருள் ஒருவர் அப்பதிவேட்டில் இருக்கக்கூடும். ஆனால் அவர் பெயராக இல்லை. தொகையில் ஓர் எண்ணாக இருக்கிறார்.

இந்தப் பிரிவினைக்கும் ஒரு வரலாறு உண்டு. போர்ச்சுக்கீசியர் வந்தபின் முத்துச் சிலாபத்தின் மீதான உரிமைப் போட்டி முற்றியது. 1530களில் பரதவர் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிப் பெருந்திரளாகக் கிறிஸ்தவத்தைத் தழுவினர். 1538இல் வேதாளையில் நடந்த போரில் மரைக்காயர் படை தோற்றது. அதுவரை ஒரே பாரில் மூழ்கியவர்கள் அதன்பின் இரு முகாம்களாயினர். அவரவர் வரலாற்றையும் மற்றவரோடு தொடர்பற்றதுபோல் எழுதிக்கொண்டனர். பரதவருக்குப் பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் இருந்தன. எளிய குளியாளின் மகன் பெயரும் மகள் பெயரும் அவற்றில் ஏறின. நம் தரப்பில் ஏட்டில் ஏறியவர்கள் ஷஜரா எழுதிவைக்க வசதி பெற்ற குடும்பத்தார் மட்டுமே.

வசதியின்மை மட்டும்தான் காரணமா? இல்லை என்றே கருதுகிறேன். திருமணப் பேச்சில் தொழில் ஒரு தடையாக இருந்தது. மணமக்களின் பொருத்தமாகிய 'கஃபாஅத்'தில் தொழிலையும் ஷாஃபிஈ சட்ட நூல்கள் கணக்கில் கொள்கின்றன. இக்கரை மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்', துப்புரவாளர், இரத்தம் குத்தி எடுப்பவர், காவலாளி, மேய்ப்பர், குளியலறைப் பணியாளர் ஆகியோரைத் தையற்காரர் மகளுக்கு நிகரானவரல்லர் என்றும், தையற்காரரை வணிகர் மகளுக்கு நிகரானவரல்லர் என்றும் வரிசைப்படுத்துகிறது. அது அவ்வூர், அக்கால வழக்கத்தைத் தழுவிய வரிசை. இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் மீனவர் இல்லை, முத்துக்குளிப்பவரும் இல்லை. அவர்களை அதில் சேர்த்தது நம் கரையின் வழக்கம்தான். சேர்த்தபின், பெண் கொடுக்கவும் எடுக்கவும் விரும்பிய குடும்பங்கள் செல்வம் வந்ததும் செய்த முதல் வேலை பாட்டனாரின் தோணியை மறந்ததாகவே இருந்திருக்கும்.

சட்ட நூல்களில் கடல் தொழிலாளர் வரும் இடங்கள் வேறு தன்மையன. அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் களிர் (அலை) ஓட்டையிட்ட மரக்கலம், கடலில் உழைத்து வாழ்ந்த மிஸ்கீன்களுக்கு உரியது. மரக்கலம் ஒன்றை உடைமையாகக் கொண்டோரையும் இறைவன் மிஸ்கீன் என்றே குறித்திருப்பதால், மிஸ்கீனைவிட ஃபகீர் வறியவர் என இமாம் ஷாஃபிஈ (ரஹ்) முடிவு கண்டார். ஹனஃபீகள் மறுதலையாகக் கொண்டனர். ஜகாத் பங்கீட்டின் ஒரு பெரும் விவாதம் ஏழைக் கடலோடிகளின் படகு ஒன்றின் மீது நிற்கிறது! அதுபோலவே, குளியாள் மூழ்கி எழும் முன்பே அவன் கொண்டுவரப்போவதை விலைபேசுவது 'ளர்பத்துல் காயிஸ்' எனப் பெயர் பெற்றுத் தடுக்கப்பட்ட வணிகங்களுள் இடம்பெறுகிறது. அந்த ஹதீஸின் தொடரில் பலவீனம் உண்டு என்பர். விதியை ஃபுகஹாக்கள் ஏற்றுள்ளனர். குளியாளின் மூச்சைச் சூதாட்டப் பொருளாக்கலாகாது என்ற அக்கறையை அதில் காண்கிறேன்.

மலபாரிலும் இலங்கையிலும் இதே மறதி வேறு வடிவங்களில் நடந்தது. அரபுக் கப்பல்களுக்கு ஆள் கிடைக்க வேண்டி, மீனவக் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஆண் மக்களுள் ஒருவரையேனும் முஸ்லிமாக வளர்க்க வேண்டும் எனச் சாமூதிரி ஆணையிட்ட மரபுச் செய்தியை 1887இல் வெளியான 'மலபார் மானுவ'லில் லோகன் பதிவு செய்துள்ளார். அவ்வாறு வந்தோரின் சந்ததியாகக் கருதப்பட்ட 'புஸ்லான்' மீனவரை ஏனைய மாப்பிள்ளைமார் தமக்குக் கீழாகவே நடத்தினர். இலங்கையில் புத்தளம் பகுதி முக்குவருள் கணிசமானோர் இஸ்லாத்தைத் தழுவியிருந்ததைச் சைமன் காசிச்செட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுதினார். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் தாய்வழிக் 'குடி' முறை வழங்குகிறது. அங்குள்ள முக்குவர் குடி முறையோடு அது பின்னிப் பிணைந்தது. ஆனால் 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று எழுதியபோது, சட்டசபைப் பிரதிநிதித்துவம் அந்த வாதத்தில் தொக்கி நின்றது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அரபு வம்சத்தை நிலைநாட்டி மறுப்பு நூல் வெளியிட்டார். தம் சமுதாயத்தின் தனித்தன்மையைக் காக்க அவருக்கு அன்று வேறு வழி இருந்ததா என்பது விவாதத்துக்குரியது. அவ்வாதத்தின் இரைச்சலில் கடல்தொழில் செய்த முன்னோர் இருதரப்பாலும் கைவிடப்பட்டனர். ஒருவர் அவர்களை இழிவுக்குச் சான்றாகக் காட்டினார். மற்றவர் அவர்கள் இருந்ததையே பேச விரும்பவில்லை.

நஸபைப் பற்றி நம் முன்னோடி அறிஞர் இவ்வளவு கண்மூடித்தனமாக இருந்ததில்லை. தந்தையல்லாதவரைத் தந்தையென்று தெரிந்தே உரிமை கோருவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். நஸபைக் கற்பதன் நோக்கம் இரத்த உறவைப் பேணுவது என்றும் நபிமொழி உண்டு. இப்னு கல்தூன் (இறப்பு ஹி. 808) ஒருபடி மேலே சென்று, வம்சம் என்பது எண்ணத்தில் நிற்பதே, அதன் பயன் மனிதரை ஒன்றிணைப்பதில்தான் உள்ளது என்றார். இந்த அளவுகோலைக் கொண்டால், பக்தாதில் என்றோ வாழ்ந்த ஒருவரை நம்மோடு இணைத்துவிட்டு, அடுத்த தெருவில் வலை பின்னுபவரை நம்மிடமிருந்து அறுக்கும் ஷஜரா தன் வேலையைத் தலைகீழாகச் செய்கிறது.

குளியாட்களின் வரலாற்றுக்கு மூலங்களே இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. சென்னை மாகாண முத்து, சங்கு குளிப்புத் துறைக்குப் பொறுப்பாக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கு பற்றியும் 1922இல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றியும் எழுதிய நூல்களில் கீழக்கரை முஸ்லிம் குளியாட்கள் வருகின்றனர். அவர்கள் எடுத்த சங்கு வங்காளத்துக்குச் சென்று வளையலாக அறுக்கப்பட்டது. மன்னார்க் கரையில் 1905இல் நடந்த பெரும் சிலாபத்தில் 318 தோணிகளும் ஏறத்தாழ 5,000 குளியாட்களும் இறங்கினர். வளைகுடா அரபியரும் தமிழ் முஸ்லிம்களும் பரதவரும் ஒரே கடலில் மூழ்கிய பருவம் அது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு அரசுக்கு. எஞ்சியது தோணிக்காரருக்கும் குளியாட்களுக்கும். நஸபில் நாம் தேடும் அரபியர் அங்கே குதிரை வணிகராக அல்ல, இடுப்புத் துணியோடு மூழ்கியெழும் தொழிலாளராக நம்மவர் அருகில் இருந்தனர்.

தூத்துக்குடியில் 1955 தொடங்கி நடந்த சிலாபங்கள் 1961இல் முடிவுற்றன. அதன்பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் கடலட்டை எடுப்பதும் தடை செய்யப்பட்டதால் இப்பகுதி முஸ்லிம் குளியாட்கள் பலர் வேறு தொழிலுக்கும் வெளிநாட்டுக்கும் சென்றனர். கடைசிச் சிலாபத்தில் இருபது வயதில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர். தொள்ளாயிரம் பார் எங்கே, நகரைப் பார் எங்கே என்று கருவியின்றிச் சொல்லத் தெரிந்த கடைசித் தலைமுறை அது. குளியாளின் கயிற்றை மேலேயிருந்து பிடிக்க மச்சானையே அழைத்துச் செல்வர், தன் தங்கையின் வாழ்வு அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கண்ணயர மாட்டான் என்று கரையோரத்தில் இன்றும் சொல்வதுண்டு. எந்தத் தோணியில் யார் மூழ்கினார், யார் கயிறு பிடித்தார் என்று அம்முதியவர்களிடம் கேட்டு எழுதினால், எந்த ஷஜராவிலும் இல்லாத தாய்வழி உறவுகள் பெயரோடு கிடைக்கும். ஊர்ப் பள்ளிவாசல்களின் பழைய நிகாஹ் பதிவேடுகளையும் வக்ஃபுப் பத்திரங்களையும் மையவாடி மீஸான் கற்களையும் அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலில் முதியவர்களிடம் செல்ல வேண்டும். பதிவேடுகள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும்.