காவல்துறை வளர்த்த கோல்வேட்டையர்: ஐ.எம். விஜயனும் ரொமாரியோவும்

உலகக் கோப்பை மாதங்களில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பிரேசில், அர்ஜென்டினா கொடிகள் விற்பனைக்குத் தொங்கும். தென்னமெரிக்க முன்கள வீரர்களின் கோல் கணக்கு இந்நகரத்து ரசிகர் பலருக்கும் மனப்பாடம். ஆனால், இதே நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரளக் காவல்துறையின் அணி வளர்த்தெடுத்த ஐ.எம். விஜயன் நாட்டுக்காக அடித்த கோல்கள் எத்தனை என்று தேடினால், ஒரு பட்டியல் 29 என்கிறது. மற்றொன்று 40 என்கிறது. இம்முரண் தற்செயலானதன்று.

பிரேசிலின் ரொமாரியோ 1966-இல் பிறந்தவர், விஜயன் 1969-இல். ரியோ டி ஜெனிரோவின் ஜக்கரெசின்யோ சேரியிலிருந்து முன்னவர் வந்தார். திரிசூர் நகராட்சி மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் பின்னவர். இருவரையும் வறுமையிலிருந்து மேலேற்றியது கால்பந்துதான். ஏற்றிய ஏணிகள் வேறு. ரொமாரியோவுக்கு வாஸ்கோ ட காமா என்னும் சங்கம், பிறகு 1988-இல் நெதர்லாந்தின் பிஎஸ்வி, 1993-இல் பார்சிலோனா, 1994-இல் உலகக் கோப்பை எனச் சந்தை வழிவிட்டது. விஜயனுக்கு 1987-இல் வாய்த்தது காவல்துறை வேலை.

வேலைக்காக ஆடுவதும், ஆட்டத்திற்காக வேலை பெறுவதும் அன்றைய கேரளக் கால்பந்தின் பொருளாதார அடித்தளம். வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், யு. ஷரஃப் அலி ஆகியோரையும் கொண்டிருந்த காவல்துறை அணி, 1990-இல் திரிசூரிலும் 1991-இல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. சோடா விற்ற ஊரிலேயே விஜயன் கோப்பை வென்றார். அதன்பின் மோகன் பகான், ஜேசிடி, எஃப்சி கொச்சின் எனப் பல அணிகளுக்கு ஆடினார். 1996-97-இல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீக்கை ஜேசிடி வென்றபோது அவர் அதன் முன்களத்தில் இருந்தார். 1993, 1997, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளில் இந்தியாவின் சிறந்த வீரராகத் தேர்வானார். 1999 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக 12-ஆம் வினாடியில் அவர் அடித்த கோல், பன்னாட்டு ஆட்டங்களின் மிக விரைவான கோல்களுள் ஒன்று.

ஐரோப்பாவுக்குப் போகும் வழி இல்லாமற்போனதை இழப்பாக மட்டும் எழுதுவது எளிது. ஆனால் சந்தை எல்லாரையும் காப்பாற்றவில்லை. பிரேசிலுக்கு இரண்டு உலகக் கோப்பைகளை வென்றுதந்த கரிஞ்சா, 1983-இல் வறுமையில் இறந்தார். விஜயனோ காவல்துறை அதிகாரியாக 2025-இல் ஓய்வுபெற்றார். அவ்வாண்டே பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அரசு வேலை அவருடைய எல்லையைக் குறுக்கியது; முதுமைக்கு உறுதியையும் அளித்தது.

எஞ்சுவது ஆவணச் சிக்கல். நட்பு ஆட்டங்களையும் இளையோர் ஆட்டங்களையும் கூட்டி, 2007-இல் ஆயிரமாவது கோலைக் கொண்டாடினார் ரொமாரியோ. அக்கணக்கை ஏற்காதவர்கள்கூட ஒவ்வொரு கோலையும் சரிபார்த்து வாதிட முடிந்தது; சங்கங்களும் செய்தித்தாள்களும் எண்ணி வைத்திருந்தன. விஜயனின் ஆட்டங்களோ துறை அணிகளுக்கும் ஆலை அணிகளுக்கும் நீடிக்காத சங்கங்களுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடுபவர், விளையாட்டுப் பக்கங்களோடு பணி நியமனக் கோப்புகளையும் புரட்ட வேண்டும். கேரளக் கால்பந்தின் சமூக வரலாறு அங்கேயும் எழுதப்பட்டிருக்கிறது.