பர்ஃபோர்டு தேவாலயமும் ஒரு கைதியின் பெயரும்

முன்னுரை

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயர் மாவட்டத்தில் விண்ட்ரஷ் ஆற்றங்கரையில் அமைந்த சந்தை நகரம் பர்ஃபோர்டு. அங்குள்ள தூய யோவான் ஸ்நானகன் ஆலயம் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்தது. பழங்கட்டடம் ஒன்று யாருடைய வரலாற்றுக்குச் சான்றாகிறது என்னும் வினாவை முன்வைத்து இவ்வாலயத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

வணிகர் எழுப்பிய ஆலயம்

நடுக்கோபுரத்தின் கீழ்ப்பகுதி 12ஆம் நூற்றாண்டு நார்மன் பாணியில் அமைந்தது. அதன்மீது எழும் கூர்முடியும், மூன்றடுக்குத் தெற்கு முகமண்டபமும் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கம்பளி வணிகத்தால் ஊரில் பெருகிய செல்வமே இவ்விரிவாக்கத்திற்கு அடிப்படை. தொடக்கத்தில் தனித்து நின்ற வணிகர் குழுவின் சிற்றாலயமும் பின்னர் இக்கட்டடத்தோடு இணைக்கப்பட்டது. கல்லறைகளும் செல்வர் பெயர்களையே மிகுதியும் தாங்கி நிற்கின்றன.

சிறையான ஆலயம்

உள்நாட்டுப் போருக்குப்பின் நாடாளுமன்றப் படையில் ஊதிய நிலுவை, அரசியல் உரிமை ஆகியவற்றை முன்னிட்டுக் கிளர்ச்சி எழுந்தது. தம் கோரிக்கைகள் நிறைவேறும்வரை அயர்லாந்துப் போருக்குச் செல்ல வீரர்கள் மறுத்தனர். 'லெவலர்' எனப்பட்ட சமத்துவக் கொள்கையினரின் தாக்கம் அவர்களிடம் இருந்தது. 1649 மே 13 நள்ளிரவையொட்டிக் கிராம்வெல், ஃபேர்ஃபாக்ஸ் ஆகியோரின் படை பர்ஃபோர்டைச் சூழ்ந்தது. சிறைப்பட்ட ஏறத்தாழ 340 பேர் இவ்வாலயத்துள் அடைக்கப்பட்டனர். மே 17 அன்று தாம்சன், பெர்கின்ஸ், சர்ச் என்னும் மூவர் ஆலய வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடக்கப் பதிவேடு அவர்களைப் பெயர் சுட்டாது, மூன்று படைவீரர் என்றே குறிக்கிறது.

அடைபட்டோருள் ஒருவரான அந்தோணி செட்லி, ஞானஸ்நானத் தொட்டியின் ஈயத் தகட்டில் தம் பெயரையும், 1649 என்னும் ஆண்டையும், கைதி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் கீறிவைத்தார். அச்சொல்லில் ஓர் எழுத்து குறைகிறது. பதிவேடு தராத இடத்தை அவர் தாமே எடுத்துக்கொண்டார் எனலாம்.

புதுப்பித்தலும் எதிர்ப்பும்

1870களில் ஜி. இ. ஸ்ட்ரீட் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி ஆலயம் புதுப்பிக்கப்பட்டது. 1876இல் இதனைக் கண்ட வில்லியம் மோரிஸ், பழமை அழிவதாகக் கருதிக் கடிந்தார். ஆலயம் தமக்குரியது என்னும் பொருள்படப் பங்குக் குரு விடையிறுத்தார் என்பது வழிவழிச் செய்தி. அடுத்த ஆண்டே பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை மோரிஸ் தோற்றுவித்தார். அதற்குத் தூண்டுதலாயினவற்றுள் பர்ஃபோர்டும் ஒன்று.

முடிவுரை

கொல்லப்பட்ட மூவரின் பெயர்கள் 1979இல்தான் ஆலயச் சுவரில் நினைவுப் பலகையாக இடம்பெற்றன. வணிகரின் பெயர்களைக் கல் காத்தது. மூவரின் பெயர்கள் 330 ஆண்டுகள் காத்திருந்தன. செட்லியின் கீறலையும் பழுது எனக் கருதிச் சீர்செய்திருந்தால் அவ்வீரர்கள் தாமே எழுதிய சான்று அங்கு எஞ்சியிராது. பழுதெனத் தோன்றுவதும் ஆவணமே என்பதை இவ்வாலயம் உணர்த்துகிறது.