கடல் ஆலாவும் காலில் இட்ட வளையமும்



காஜாங்கில் கடல் இல்லை. ஆயினும், நம் ஊர் வழியே ஓடும் லங்காட் ஆறு பந்திங் வட்டாரத்தைக் கடந்து, கேரித் தீவின் அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. ஆகவே கடலுக்கும் நமக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மோரிப் கடற்கரைக்கு அழைத்துச் செல்வது நம் தோட்டங்களில் நெடுநாளைய வழக்கம். கடல் வற்றிய வேளையில் அங்கே சேற்று நிலம் வெகுதூரம் விரிந்து கிடக்கும். மீனவர்கள் நட்டுவைத்த கழிகளின் மேல் வெள்ளைப் பறவைகள் வரிசையாக அமர்ந்திருக்கும். ஒரு பிள்ளை அவற்றைக் கொக்கு என்பான். இன்னொருத்தி புறா என்பாள். பெரியவர்கள் கடற்காகம் என்று முடித்துவிடுவார்கள். மலாய் நண்பர்களைக் கேட்டால் 'சாமார்' என்பார்கள். தமிழில் இதற்கு ஆலா என்று ஓர் அழகிய பெயர் உண்டு.

கடற்காகம் வேறு, ஆலா வேறு. கடற்காகம் பருத்த உடலும் அகன்ற சிறகும் உடையது. நீரில் மிதந்து இளைப்பாறும். ஆலாவோ மெலிந்தது. அதன் சிறகு கத்தி போல் கூர்மையானது. வால் பெரும்பாலும் பிளவுபட்டிருக்கும். கால்கள் மிகக் குட்டை. அலகைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு பறக்கும். மீனைக் கண்டதும் நடுவானில் சிறகடித்து ஒரே இடத்தில் நின்று, பிறகு கல் விழுவது போல நீரில் பாயும். இப்படிப் பாய்வதைக் கண்டால் ஆலா என்று துணிந்து சொல்லலாம்.

ஆலாவிலும் பல வகை உண்டு. மிகச் சிறியது சின்ன ஆலா. கண்ணிலிருந்து பிடரி வரை கறுப்புப் பட்டை ஓட, மற்றபடி தூய வெண்மையாக இருப்பது கரும்பிடரி ஆலா. இது பாறைத் தீவுகளில் முட்டையிடும். தஞ்சோங் காராங் வயல்களின் மேல் தாழப் பறந்து, நீர்ப்பரப்பில் உள்ளதை மட்டும் கொத்திச் செல்பவை மீசை ஆலாவும் வெண்சிறகு ஆலாவும். தலையில் கலைந்த கொண்டை உடையவை கொண்டை ஆலாக்கள். அலகு மஞ்சளானால் பெரிய கொண்டை ஆலா. ஆரஞ்சு நிறமானால் சிறிய கொண்டை ஆலா. இங்கே ஒரு சங்கடம் உண்டு. பல ஆலாக்களுக்கு முட்டையிடும் பருவத்தில் உச்சந்தலை கன்னங்கரேலென்று இருக்கும். வெளிநாட்டிலிருந்து அவை நம் கரைக்கு வந்து தங்கும் மாதங்களிலோ அந்தக் கறுப்பு உதிர்ந்து, எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். அடையாளம் காண்பதற்குப் பொறுமை வேண்டும்.

இவை எங்கிருந்து வருகின்றன? இந்தக் கேள்விக்கு விடை தேட வழி காட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமைதான். டென்மார்க் நாட்டு விபோர்க் நகரத்தில் ஆசிரியராக இருந்த மார்ட்டென்சன், 1890இல் துத்தநாக வளையங்களைப் பறவையின் காலில் பூட்டிப் பார்த்தார். பாரம் அதிகமாகிவிட்டது. 1899இல் அலுமினியத் தகட்டில் எண்ணும் முகவரியும் பொறித்து, மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளுக்கு இட்டார். அது பலித்தது. வளையம் இட்ட பறவையை வேறு ஊரில் யாரேனும் கண்டு எழுதினால், அது சென்ற வழி தெரிந்துவிடும் அல்லவா?

அம்முறையால் அறிந்த செய்திகளுள் ஒன்றை மட்டும் சொல்கிறோம். இங்கிலாந்தின் வடகிழக்கே உள்ள ஃபார்ன் தீவுகளில், 1982ஆம் ஆண்டுக் கோடையில், இன்னும் பறக்கத் தெரியாத வடதுருவ ஆலாக் குஞ்சு ஒன்றுக்கு வளையம் இட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அது ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்தது. மூன்று மாதத்தில் 22,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்பயணம்!

நம் நாட்டிலும் இவ்வேலை நடந்தது. கோலாலம்பூரில் தங்கி, உலு கோம்பாக் காட்டில் உயர்ந்த மரத்தின் மேல் மேடை அமைத்துப் பறவைகளைக் கவனித்த மெக்ளூர் என்ற அமெரிக்கர், 1963 முதல் 1971 வரை ஆசிய நாடுகள் பலவற்றில் வளையமிடும் பெரும் திட்டத்தை நடத்தினார். வலசை வரும் பறவைகள் நோய்களைச் சுமந்து வருகின்றனவா என்று அறிவதே அதன் முதல் நோக்கம். அந்த ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் இடப்பட்டது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள கோடியக்கரையிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையம் இட்டனர்.

நாகப்பட்டினம் என்றதும் நம் வீட்டு முதியவர்களுக்கு ரஜூலா கப்பல் நினைவு வரும். இங்கே வேறொன்றும் நமக்கு நினைவு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர் கழுத்தில் எண் பொறித்த தகரச் சீட்டைக் கட்டித்தான் அனுப்பினார்கள். ஆள் வழி தவறாமல் இன்ன தோட்டத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே அந்தத் தகரம். பறவையின் வளையமோ அதை எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை; அது போன இடத்தை நமக்குச் சொல்கிறது, அவ்வளவே.

கூர்ந்து பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு. 1861இல் ஹல்மஹெரா தீவில் பெர்ன்ஸ்டைன் என்பவர் ஓர் ஆலாவைச் சேகரித்தார். சீனக் கொண்டை ஆலா என்பது அதன் பெயர். மஞ்சள் அலகின் நுனி மட்டும் கறுப்பு. முற்காலத்தில் நம் சரவாக் கரையிலும் அது பதிவாகியிருக்கிறது. 1937இல் சீனாவின் ஷான்டுங் கரையில் 21 பறவைகளைச் சுட்டுச் சேகரித்தார்கள். அதன்பின் உறுதியான செய்தியே இல்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். 2000ஆம் ஆண்டில், தைவானின் ஆட்சியிலுள்ள மாட்சு தீவுகளில் பெரிய கொண்டை ஆலாக் கூட்டத்தைப் படம் பிடித்தபோது, அவற்றுக்கிடையே நான்கு இணைகள் குஞ்சுகளோடு காணப்பட்டன. உறவினர் கூட்டத்துக்குள்ளேயே ஒதுங்கி இருந்திருக்கின்றன! பிறகு சீனக் கரையின் வேறு தீவுகளிலும் கண்டனர். 2007இல் ஒரு தீவில் முட்டைகளைத் திருடர்கள் அள்ளிச் சென்றனர். 2013இல் பொம்மை ஆலாக்களை நிறுத்தி, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு, பறவைகளைப் பாதுகாப்பான தீவுக்கு வரவழைத்தனர். இப்போது அதன் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது.

நம் கரையின் நிலை என்ன? சேற்று நிலம் நீரில் மூழ்கும் ஏற்ற வேளையில் கடற்கரைப் பறவைகளுக்கு ஒதுங்கி நிற்க ஓர் இடம் வேண்டும். காப்பாரில் மின் நிலையத்தின் சாம்பல் குளங்களே அவற்றுள் பலவற்றுக்குப் புகலிடமாயின. அலையாத்திக் காடாக இருந்த பூலாவ் இண்டாவில் துறைமுகம் எழுந்தது. தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியான கதையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோலசிலாங்கூரில் 1987 முதல் இயற்கைப் பூங்கா இருப்பது ஓர் ஆறுதல்.

கரையோரத் தோட்டத்து உறவினர்கள் எவரேனும் வளையமிட்ட பறவையைக் கண்டால், வளையத்தைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட வேண்டாம். பறவை உயிரோடிருந்தால் எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு பறக்க விடுங்கள். இறந்திருந்தால் வளையத்தைக் கழற்றி, நாளும் இடமும் எழுதி வனவிலங்குத் துறை அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள்.

சென்ற முறை மோரிப்பில் பிள்ளைகள் கழிகளின் மேல் 41 ஆலாக்களை எண்ணினார்கள். 17க்குப் பெயர் சொல்ல முடிந்தது. மீதி 24க்கும் நேரே 'தெரியவில்லை' என்று எழுதச் சொன்னோம். ஒரு சிறுமி மட்டும் அவ்வரியின் அருகே, ஒன்றின் அலகு மஞ்சள், நுனியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த விடுமுறைக்கு ஒரு தொலைநோக்கியை இரவல் கேட்டிருக்கிறோம்.