எவரெஸ்ட்டைத் தாண்டிய வாத்தும் எங்க பிசான நெல்லும்

மார்கழி பாதியில எங்க பக்கம், கூந்தன்குளத்துல, புது விருந்தாளிங்க வந்து இறங்கும். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலைக்குப் பின்னால ரெண்டு கறுப்புப் பட்டை. வரித்தலை வாத்துன்னு பேரு. பகல்ல குளத்துல கிடக்கும். ராத்திரி வயல்ல இறங்கி மேயும். சின்ன வயசுல அப்பாவும் நானும் பிசான நெல்லுக்குக் காவல் இருந்து, தகர டின்னைத் தட்டி விரட்டியிருக்கோம். எங்கிருந்து வருதுன்னு அப்போ எனக்குத் தெரியாது. பிற்பாடு படிச்சதைத்தான் இங்க எழுதுறேன்.

1790ல ஜான் லேத்தம்ங்கிற ஆங்கிலேயர் இதுக்கு அறிவியல் பேரு வெச்சார். அதுல ‘இண்டிகா’ன்னு ஒரு சொல் உண்டு, இந்தியாவைச் சேர்ந்ததுன்னு அர்த்தம். ஆனா நம்ம ஊருக்கு இது குளிருக்கு ஒதுங்க வர்ற பறவை. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது திபெத், மங்கோலியா, சீனாவோட கிங்காய் ஏரி, நம்ம லடாக் மாதிரி மேட்டு நிலத்து ஏரிக்கரைகள்ல. அங்கிருந்து இங்க வரணும்னா நடுவுல இமயமலை நிக்குது.

அதை எப்படித் தாண்டுது? 1953ல ஹில்லாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் ஏறினாங்க இல்லையா, அந்தக் குழுவுல இருந்த ஜார்ஜ் லோ, இந்த வாத்துங்க எவரெஸ்ட் உச்சிக்கு மேலேயே பறந்ததைப் பார்த்தேன்னு சொன்னார். லாரன்ஸ் ஸ்வான்ங்கிற அமெரிக்க உயிரியலாளர், மக்காலு மலைப் பக்கம் ஒரு ராத்திரி தலைக்கு மேல ரொம்ப உயரத்துல இதுங்க கூப்பிட்டுப் போன சத்தத்தைக் கேட்டதா 1970ல எழுதினார். அப்புறம் என்ன, ‘உலகத்துலயே உயரமாப் பறக்கிற பறவை’ன்னு பேரு பரவிட்டுது.

பார்த்ததும் கேட்டதும் சரி, அளந்தா என்ன வரும்? லூசி ஹாக்ஸ், சார்லஸ் பிஷப் முதலானவங்க இந்தியாவுலயும் மங்கோலியாவுலயும் வாத்துங்க மேல கருவி மாட்டி அனுப்பினாங்க. 2013ல வந்த கணக்குப்படி, அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். எவரெஸ்ட் 8,848. அதை விட முக்கியம், பதிவான இடங்கள்ல நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு 5,500 மீட்டருக்குக் கீழே. கணவாய் வழியாத்தான் பெரும்பாலும் போகுது.

2015ல இன்னொண்ணும் தெரிஞ்சது. ஒரே உயரத்துல நேரா போறதில்லை. மலை ஏறினா ஏறும், பள்ளம் வந்தா அதுவும் இறங்கும், மறுபடி ஏறும். மேலே காத்து மெலிசு, சிறகை வேகமா அடிக்கணும், இதயத்துக்குப் பாரம். பாடுபட்டு ஏறின உயரத்தை விட்டு இறங்கி, திரும்ப ஏறுறதுதான் அதுக்கு லாபம். ராத்திரியிலயும் விடியக்காலையிலயும்தான் அதிகம் பறக்குது. குளிர்ந்த காத்து அடர்த்தியா இருக்கும், சிறகுக்குப் பிடி கிடைக்கும்.

உடம்பும் அதுக்கு ஏத்த மாதிரிதான். 7,000 மீட்டர்ல மூச்சுக் காத்து கீழே இருக்கிறதுல பாதி கூடக் கிடையாது. மத்த வாத்தை விட நுரையீரல் பெரிசு. ரத்தம் பிராணவாயுவை இறுக்கிப் பிடிச்சுக்கும். இவ்வளவு வசதி இருந்தும், தேவைக்கு மேல ஒரு அடி ஏறுறதில்லை.

இதைப் படிச்சப்போ எனக்கு மனசு என்னவோ பண்ணிட்டுது. எவரெஸ்ட்டைத் தாண்டுற வீரன்னு சொன்னப்போ கூட அவ்வளவு மதிப்பு வரல. இருக்கிற தண்ணியை வெச்சு, எந்த வயலுக்கு எப்போ மடை திறக்கிறதுன்னு யோசிக்கிற சம்சாரி மாதிரியில்ல போகுது!

எங்க ஊர்க்காரங்க தீபாவளிக்கு வெடி போட மாட்டாங்க, பறவைங்க மிரண்டுடும்னு. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் எங்க வயலுக்கு உரம். அதுக்காக நெல்லு போறது வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன். போன வருஷமும் வரப்போரமா ஒரு பாத்தி மேய்ஞ்சுட்டுது. டின்னை எடுத்தேன். ரெண்டு தட்டு தட்டிட்டு வெச்சுட்டேன்.

பங்குனி வாக்குல ஒரு நாள் விடியக்காலையில குளத்துல சத்தம் இருக்காது. கிளம்பியிருக்கும். அதுக்குள்ள வந்தீங்கன்னா நீங்களும் பார்க்கலாம். கரையில நின்னு பாருங்க, கிட்டப் போய் விரட்டிப் படம் எடுக்காதீங்க. திரும்பிப் போற வழியில அதுக்கு ஒரு மலை இருக்கு.