காலூன்றாமல் கல்மேடு ஏறிய வண்டி

பொங்கல் விளையாட்டு விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். கோட்டைக் கடைசியாகத் தொடுபவருக்கே பரிசு. காலைத் தரையில் ஊன்றியவர் போட்டியிலிருந்து விலக வேண்டியதுதான். விரைவாகச் செல்வதைவிட மெதுவாகச் செல்வது கடினம் என்ற உண்மையை இந்தப் போட்டி நமக்குச் சிரிப்போடு கற்றுத் தருகிறது. இதே போட்டியைப் பள்ளி மைதானத்தில் நடத்தாமல், பாறையிலும் ஓடைப் படுகையிலும் சேற்றிலும் நடத்தினால் எப்படி இருக்கும்? அதுவும் மோட்டார் சைக்கிளில்!

அதற்குத்தான் 'டிரையல்ஸ்' என்று பெயர். இதில் கடிகாரத்தைவிடக் காலுக்கே முதலிடம். குறிக்கப்பட்ட பாதைப் பகுதி ஒன்றைக் கடக்கும்போது ஒரு முறை காலூன்றினால் 1 புள்ளி தண்டனை. இரு முறை ஊன்றினால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ பாதையை விட்டு விலகினாலோ 5. மிகக் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர்.

கேளம்பாக்கத்தில் என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவருக்குக் கரடுமுரடான பாதைப் போட்டி ஒன்றில் கலந்துகொள்ள ஆசை. தம் சேமிப்பையெல்லாம் எஞ்சினின் திறனைக் கூட்டுவதில் செலவிட்டார். உப்பளக் கரையில் பயிற்சிக்குச் சென்ற முதல் நாளே பின்சக்கரம் சேற்றில் வழுக்கிற்று. வண்டி சாய, கணுக்கால் அடியில் சிக்கிக்கொண்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. "வண்டியைத் தயார் செய்துவிட்டுத்தானே போனேன் சார், பிறகு ஏன் விழுந்தேன்?" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானது. 'தயார் செய்வது' என்றால் என்ன என்பதை வரலாறு நமக்குச் சொல்கிறது. அந்த வரலாற்றின் ஒரு முனை நம் சென்னையிலேயே இருக்கிறது.

மரபும் சோதனையும்

மோட்டார் சைக்கிள் பிறந்த காலத்தில் நல்ல சாலைகள் குறைவு. ஒரு வண்டி மலைப்பாதையில் தாக்குப்பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்கவே இப்போட்டிகள் தோன்றின. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற டிரையல்ஸ் போட்டி 1909-இல் தொடங்கியது. பல நாடுகள் பங்குபெறும் 'ஆறு நாள் சோதனை' 1913-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக நடைபெற்றது. இந்த ஆறு நாள் போட்டியில் வண்டியின் முக்கிய உறுப்புகளுக்குத் தொடக்கத்திலேயே அடையாளமிட்டுவிடுவார்கள். அவற்றை வழியில் மாற்ற முடியாது. பழுது நேர்ந்தால் ஓட்டுபவரே சரிசெய்ய வேண்டும். ஆகவே சக்கரத்தைக் கழற்றி, பஞ்சர் ஒட்டி, மீண்டும் பூட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யுமளவுக்குப் பழகிக்கொள்வதும் பயிற்சியில் அடங்கும்.

அந்நாளில் பெரும்பாலான வண்டிகளின் பின்சக்கரம் வில் ஏதுமின்றிச் சட்டத்தோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருந்தது. "பின்பக்கம் விறைப்பாக இருந்தால்தான் டயர் தரையைப் பிடிக்கும். வில் வைத்தால் பிடிப்புப் போய்விடும்" என்பது அனுபவசாலிகள் பலருடைய உறுதியான நம்பிக்கை.

1948 பிப்ரவரியில் இங்கிலாந்தில் கோல்மோர் கோப்பைப் போட்டி நடந்தது. அதற்கு ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் 350 சி.சி. புல்லட்டின் மாதிரி வண்டிகளை அனுப்பியது. அவற்றின் பின்சக்கரத்தை, மேலும் கீழும் அசையும் ஒரு கவை தாங்கியிருந்தது. இன்று மெக்கானிக்குகள் 'ஸ்விங் ஆர்ம்' என்று சொல்வது இதைத்தான். அதன் இருபுறமும் சுருள்வில்லும் எண்ணெயும் அடங்கிய அதிர்வுதாங்கிகள் இருந்தன. கண்டவர்கள் ஐயுற்றார்கள். ஆனால் அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சோதனையில் விக் பிரிட்டன், சார்லி ரோஜர்ஸ் ஆகிய இருவரும் புல்லட்டில் சென்று தங்கப் பதக்கம் பெற்றனர். அவர்கள் இடம்பெற்ற பிரிட்டிஷ் அணி கோப்பையை வென்றது. விக் பிரிட்டனின் மகன் ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸ் போட்டியில் புல்லட்டில் வாகை சூடினார்.

மரபான நம்பிக்கை எங்கே தவறியது? உராய்வு வேண்டுமானால் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். விறைத்த சக்கரம் ஒரு கல்லில் மோதினால் வண்டி முழுவதும் மேலே தூக்கி எறியப்படும். அந்த நொடியில் சக்கரம் வெறும் காற்றில் சுழலும். கவை இருந்தால் சக்கரமும் அதைச் சார்ந்த சிறு நிறையும் மட்டுமே எழும். உடனே வில் அவற்றைத் தரைக்குத் தள்ளும். பிடிப்பு அறுபடுவதில்லை.

காற்றைக் குறை

இனி டயருக்கு வருவோம். பின்சக்கரத்தின்மீது 80 கிலோ எடை விழுகிறது என்று கொள்வோம். சாலையில் செல்லும் வண்டியில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 38 சதுர செ.மீ. என வரும். அது உள்ளங்கையைவிடச் சிறிது! இன்றைய டிரையல்ஸ் வண்டிகளின் பின்டயரில் 4 அல்லது 5 பவுண்டு அழுத்தமே வைக்கிறார்கள். 5 பவுண்டு என்று கணக்கிட்டால் பரப்பு ஏறத்தாழ 228 சதுர செ.மீ. ஆகிறது. டயரின் சொந்த விறைப்பும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் உண்மைப் பரப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் வேறுபாடு பெரிது. கோவளம் கடற்கரை மணலில் குதிகால் செருப்பு புதைவதும், வெறுங்கால் புதையாமல் நடப்பதும் இதே கணக்குதான்.

ஆனால் காற்றைக் குறைத்தால் டியூப் உள்ள சக்கரத்தில் ஓர் ஆபத்து உண்டு. எஞ்சினின் திருப்புவிசையால் டயர் விளிம்பின்மேல் நழுவி, டியூபையும் இழுத்துச் சென்று வால்வைப் பிய்த்துவிடும். ஆகவே டயரை விளிம்போடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டுத் திருகாணிகளை முதலில் பொருத்த வேண்டும். பிறகுதான் காற்றைக் குறைக்க வேண்டும். சாலைக்குத் திரும்பியதும் பழைய அளவுக்குக் காற்றை நிரப்பவும் மறக்கக்கூடாது.

திறனைவிடப் பொறுமை

பழைய புல்லட்டின் உருளை விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் செல்லும் நீளம் 90 மி.மீ. அதோடு கனத்த பறப்புச் சக்கரம். சுழலும் சக்கரம் ஆற்றலைச் சேமித்து வைக்கும். கல்லில் முட்டி எஞ்சின் திணறும் கணத்தில் அந்தச் சேமிப்பைக் கொடுத்து அணையாமல் காக்கும். பின்சக்கரத்தில் பற்கள் மிகுந்த பெரிய பற்சக்கரத்தைப் பூட்டினால் வேகம் குறையும், திருப்புவிசை கூடும். நம் மாணவர் கூட்டிய திறன் சேற்றில் சக்கரத்தைச் சுழலவைக்கத்தான் பயன்பட்டது. சுழன்று வழுக்கும் டயரின் பிடிப்பு, உருண்டு செல்லும் டயரின் பிடிப்பைவிடக் குறைவு.

அடுத்தது எடை. சாமி மில்லர் என்ற வீரர் தம் 500 சி.சி. ஏரியல் வண்டியில் ஒவ்வோர் உறுப்பாக ஆராய்ந்து, இலேசான உலோகங்களையும் கண்ணாடியிழையையும் பயன்படுத்தி, மொத்த எடையைச் சுமார் 111 கிலோவுக்கு இறக்கினார். 1965-இல் அதனினும் இலேசான ஸ்பானிய பல்டாக்கோ வண்டியில் அவர் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றபோது, கனத்த வண்டிகளின் காலம் முடிந்துவிட்டது.

வண்டியில் பாதி மனிதன்

டிரையல்ஸ் வீரர் இருக்கையில் அமர்வதில்லை. கால்மிதிகளின்மேல் நின்றே ஓட்டுகிறார். இன்றைய டிரையல்ஸ் வண்டிகளுக்கு இருக்கை என்று சொல்லத்தக்க ஒன்றே கிடையாது. நின்றால் புவியீர்ப்பு மையம் உயருமே, சாய்ந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். உள்ளங்கையில் பென்சிலை நிறுத்திப் பாருங்கள், பிறகு நீண்ட கம்பை நிறுத்திப் பாருங்கள். கம்புதான் எளிதில் நிற்கும். மையம் உயர இருப்பது மெதுவாகவே சாய்வதால் நமக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது. மேலும் நிற்பவர் வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, தம் உடலை மறுபக்கம் வளைக்க முடியும். கழைக்கூத்தாடி கையிலுள்ள கழியை அசைப்பது போன்றதே இது. மடங்கிய முழங்கால்கள் இன்னும் இரண்டு வில்கள்.

இதற்கான பயிற்சியை வெட்டவெளியில், தலைக்கவசமும் கணுக்காலை மூடும் காலணியும் அணிந்து தொடங்கலாம். பத்து மீட்டர் தூரத்தைக் காலூன்றாமல் எவ்வளவு நேரம் நீட்டிக்க முடியும் என்று பாருங்கள். பின்னர் எட்டு வடிவில் சுற்றுங்கள். போட்டியில் ஒவ்வொரு பகுதியையும் வீரர்கள் முதலில் நடந்தே பார்க்கிறார்கள். எந்தக் கல் உருளும், எது அசையாது என்பதைக் காலால் சோதித்த பிறகே வண்டியைத் தொடுகிறார்கள்.

சென்னைக்கு வந்த புல்லட்

மலையிலும் சேற்றிலும் தேறிய இந்த வண்டியை 1950-களில் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா' உருவாயிற்று. மறு ஆண்டே திருவொற்றியூரில் ஆலை இயங்கத் தொடங்கியது. தாயகத்தில் அந்நிறுவனம் 1970-ஐ ஒட்டி மறைந்துவிட்டது. சென்னைப் புல்லட்டோ 1977 முதல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வழியே மேற்கே சென்றால் வரும் ஒரகடத்தில் 2013-இலும், அதற்கும் அப்பால் வல்லம் வடகாலில் 2017-இலும் புதிய ஆலைகள் எழுந்தன. ஜானி பிரிட்டனின் நினைவாக 'டிரையல்ஸ்' என்ற பெயரில் 2019-இல் ஒரு புல்லட்டும் சிறிது காலம் விற்பனைக்கு வந்தது.

மாவுக்கட்டுப் பிரித்த மாணவர், கூட்டிய திறனை மீண்டும் குறைத்தார்; பின்பற்சக்கரத்தை மாற்றினார். பிறகு வண்டியை வீட்டில் விட்டுவிட்டு உப்பளக் கரை முழுவதையும் ஒரு நாள் நடந்தே பார்த்துவிட்டு வந்தார். "எங்கே விழுந்தேன் என்று இப்போதுதான் தெரிந்தது சார்" என்றார். அவர் தயாராகிவிட்டார் என்பதை நானும் அப்போதுதான் அறிந்தேன்.

நண்பர்களே, அடுத்த முறை சாலைப் பள்ளத்தில் உங்கள் வண்டி மெல்ல ஏறி இறங்கும்போது, பின்சக்கரத்தின் அருகிலுள்ள அந்தக் கவையைச் சற்றுக் குனிந்து பாருங்கள். "வேலைக்கு ஆகாது" என்று பலர் ஒதுக்கியதை, கல்மேட்டில் ஏற்றிச் சோதித்துப் பார்த்த சிலரின் துணிவு அதில் இருக்கிறது.