சைகையும் சாட்சியமே

1872 இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, பேச இயலாதவரின் எழுத்தையும் சைகையையும் வாய்மொழிச் சாட்சியமாகவே ஏற்றது. ஆனால் அச்சைகையைப் பொருள்கொள்பவர் யார்? மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு விடை வர 140 ஆண்டுகள் ஆயின. 2012 போக்சோ சட்டம், குழந்தை கூறியவாறே வாக்குமூலத்தைப் பதியவும், சிறப்பாசிரியரையோ அதன் தொடர்புமுறையை அறிந்தவரையோ துணைக்கு அழைக்கவும் வழிசெய்தது. குழந்தைகளோடு பழகும் நிரந்தர, ஒப்பந்தப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி 2020 விதிகளில்தான் இடம்பெற்றது.

பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளத்திலும் இன்னொரு முடிச்சு உண்டு: பல குழந்தைகளின் வீட்டுமொழி தமிழ், அலுவல்மொழி மலையாளம். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடமளிக்கிறது. எழுத்தறியாக் குழந்தைக்கு அதனால் என்ன பயன்? உடலுறுப்புக்கு வீட்டில் வழங்கும் சொல் பணியாளருக்குத் தெரியாவிடில், முறையீடு வெறும் முனகலாகவே கேட்கும். அப்பகுதிப் பயிற்சி இச்சொற்களிலிருந்தே தொடங்க வேண்டும்.