மெல்லிய குரலும் வால்வு மைக்கும்

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதிகளின் தாலாட்டையும் ஒப்பாரியையும் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய விழைவோர், வால்வு மைக்கின் வரலாற்றை அறிந்துகொள்வது நன்று எனக் கருதுகிறோம்.

பாரதி மறைந்த 1921இல் இசைத்தட்டுக்காகப் பாடியவர்கள் கூம்புக்குள்தான் பாடினார்கள். குரலின் விசையே மெழுகில் பள்ளம் வெட்டியது. மெல்லிய குரலுக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவில் வென்ட் 1916இல் உருவாக்கிய கன்டென்சர் மைக் பின்னாளில் இந்நிலையை மாற்றியது. அதன் மெல்லிய சவ்வு தரும் மின்குறி மிக நலிந்தது. நீண்ட கம்பியைத் தாங்காது. எனவே வால்வைச் சவ்வின் அருகிலேயே வைத்தார்கள். ஜெர்மனியின் நாய்மான் நிறுவனம் 1928இல் அத்தகைய மைக்கையும், 1960இல் புகழ்பெற்ற யு-67ஐயும் வெளியிட்டது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, வால்வு ஒதுங்கியது.

இன்று சீனத் தயாரிப்புகளாக வால்வு மைக்குகள் மலிவாகத் திரும்பியுள்ளன. அவற்றுள் பல, யு-67இன் சவ்வமைப்பைப் பின்பற்றுகின்றன. அதன் மின்சுற்று உயர் அதிர்வெண்களைத் தணித்ததை மட்டும் விட்டுவிடுகின்றன. ஆகவே சகர ஒலிகள் காதைக் குத்துகின்றன. விலையுயர்ந்த வால்வை மாட்டினாலும் இக்குறை தீராது. அத்தணிப்பைச் சுற்றில் சேர்ப்பதே முதல் திருத்தம். கைவைக்குமுன், மின்தேக்கிகளில் தங்கியுள்ள உயர் மின்னழுத்தத்தை வடித்துவிட வேண்டும். அது உயிருக்கே ஆபத்தானது.

கடற்கரையில் இன்னொரு பகை உண்டு: உப்புக்காற்றின் ஈரம். சவ்வருகே அது படிந்தால் மின்கசிவு ஏற்பட்டு இரைச்சல் எழும். சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியே மைக்கின் இருப்பிடமாகட்டும்.

பாடத் தெரிந்த பாட்டிமார் ஸ்டூடியோவைத் தேடி வரமாட்டார்கள். மைக்தான் அவர்கள் திண்ணைக்குப் போக வேண்டும்.